தண்ணீர் ஊற்றுகிறவள்

செல்லியம்மாவின் வேலை தண்ணீர் ஊற்றுவது. இதைச் சொன்னால் நகரியில் சிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு பவர்லூம்காரி ஒருத்தி கேட்டே விட்டாள், "தெனத்திக்கும் ரயிலேறி திருப்பதி போய் தண்ணி ஊத்திட்டு வர்றியே, அங்க இன்னா பூச்செடியா வெச்சிக்கிறாங்க?" என்று. கேட்கிறவளுக்கு என்ன, வாய் இருக்கிறது, கேட்பாள்.

பூச்செடிக்கு இல்லை. கல் அறுக்கிற கட்டர் மெஷினுக்கு. தம்பி தணிகைவேல் கிரானைட் பலகையில் கோடு போட்டு, கோட்டின் மேல் பிளேடை இறக்குவான். இவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளேடு கல்லைக் கடிக்கிற இடத்தில் பிளாஸ்டிக் மக்கிலிருந்து நூல் பிடித்தாற்போல் தண்ணீர் விடுவாள். அதிகம் விட்டால் கோடு அழிந்துபோகும். குறைத்து விட்டால் தூள் கிளம்பும். கை மெஷின் பக்கம் சாய்ந்தால் மோட்டாருக்குள் தண்ணீர் போய் ஷாக் அடிக்கும். பதினாலு மாதமாக ஊற்றுகிறாள், ஒரு தடவைகூட மோட்டார் நனைந்ததில்லை. தண்ணீர் பட்ட தூள் பறக்காது. பால் மாதிரிச் சேறாகித் தரையில் ஓடும். துடைத்து அள்ளிக் கொட்டிவிட்டால் தீர்ந்தது விஷயம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்த வேலைக்கு அவள் சும்மா வந்து சேரவில்லை. அவள் புருஷன் துலுக்காணம் இதே கட்டரைப் பிடித்தவன். பதினோரு வருஷம் பிடித்தான். சித்தூர், பாகாலா, திருப்பதி என்று எங்கே கட்டடம் எழும்பினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், கோடு பிசகாமல் அறுப்பான் என்று அப்படி ஒரு பேர். அவனுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காய்ந்த கல்லைக் காய்ந்தபடியே அறுத்தான். சாயங்காலம் வாசலில் வந்து நின்றால் புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். கிழவன் வந்துட்டான் பார் என்று இவளே கேலி பண்ணியிருக்கிறாள். அதை இன்று நினைத்தால் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது அவளுக்கு.

தண்ணீர் ஊற்றவில்லையே தவிர, வெல்லம் கொடுத்தாள். தூசி வேலை செய்கிறவன் வெல்லம் தின்றால் நெஞ்சில் ஒட்டிய தூசியெல்லாம் வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும் என்பது கட்டடத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த வைத்தியம். மேஸ்திரிக்குத் தெரியும், சித்தாளுக்குத் தெரியும், டீக்கடைக்காரனுக்குத் தெரியும். தெரியாதது அந்த வெல்லத்துக்கு மட்டும்தான். செல்லியம்மா சித்தூர் மண்டியிலிருந்து நல்ல மண்டை வெல்லமாக வரவழைத்து, உடைத்து, ஒரு நாள் தவறாமல் புருஷனின் சாப்பாட்டுத் தூக்கில் வைத்தாள். பதினோரு வருஷம். ஆசை ஆசையாக வைத்தாள்.

பிறகு இருமல் வந்தது. டீபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. மறுபடி டீபி என்றார்கள், மறுபடி மாத்திரை. கடைசியில் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இதி டீபி காது, டீபி இல்ல. கல்லுத் தூசி. நுரையீரல்ல போய் ஒட்டிக்கினு கீது. இனிமே வெளிய வராது" என்றார்.

"வெல்லம் குடுத்தேனே சார்" என்றாள் செல்லியம்மா.

டாக்டர் சிரிக்கவில்லை. "வெல்லம் போறது வயித்துக்கும்மா. தூசி போறது நுரையீரலுக்கு. அது வேற ரோடு, இது வேற ரோடு" என்றார்.

இப்போது துலுக்காணத்துக்கு நாற்பத்தாறு வயது. கட்டிலிலிருந்து வாசலுக்கு வர நடுவில் ஒரு தரம் உட்கார வேண்டும். அந்த மனுஷனிடம் தொழில் கற்றவன்தான் தணிகைவேல். கற்றுக்கொள்ளடா என்று அனுப்பி வைத்தவளே இவள்தான். வேறு தொழில் பாருடா என்று பிறகு எத்தனையோ சொல்லிப் பார்த்தாள், அவன் கேட்கவில்லை. கைப்பழக்கம் வந்துவிட்டது, நல்ல கூலி, சொந்தமாக மெஷினும் வாங்கிவிட்டான். சரி, அப்படியானால் உன் மெஷினுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுவேன் என்று கூடவே கிளம்பிவிட்டாள். புருஷனை விட்டாயிற்று, தம்பியையும் விடுவதாக இல்லை.

திருச்சானூர் ரோட்டில் ஐந்து மாடி லாட்ஜ் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பிரம்மோற்சவத்துக்கு முன் திறந்துவிட வேண்டும் என்று ஓனர் ஒற்றைக் காலில் நின்றார். கீழ் நாலு மாடியும் முடிந்து, ஐந்தாவதில் குளியலறைக் கல் வேலை மட்டும் பாக்கி. மேஸ்திரி முனிகிருஷ்ணன். அவருக்கு மேல் சூப்பர்வைசர் ஜெயபிரகாஷ், புத்தூர் பையன், டிப்ளமோ படித்தவன், தலையில் மஞ்சள் தொப்பி, கையில் எந்நேரமும் போன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த ஜெயபிரகாஷ் தடதடவென்று மேலே ஏறி வந்தான். வந்த வேகத்தில் வாளியைக் காலால் தள்ளினான்.

"ஏமம்மா, எவ்ளோ தண்ணி ஊத்துற? கீழ நாலாவது மாடில ஃபால்ஸ் சீலிங் பூரா ஈரம். ஓனர் பாத்தாரு, என் உசுர எடுத்துட்டாரு. இன்னைலேந்து மேல சொட்டுத் தண்ணி வரக் கூடாது."

"தண்ணி இல்லாம எப்டி சார் அறுக்குறது?"

"ஊர்ல எல்லாரும் எப்டி அறுக்குறாங்களோ அப்டி. டிரை கட்டிங். மாஸ்க் தர்றேன், போட்டுக்கோங்க. நீ கீழ போய் பெருக்கு."

கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய நீல மாஸ்க் டப்பா ஒன்றைத் தணிகைவேலிடம் கொடுத்துவிட்டுப் போனான். மேஸ்திரி முனிகிருஷ்ணன் பின்னாலேயே வந்து, "ரெண்டு வாரம்தாம்மா. முடிஞ்சா நாம போய்க்கினே இருப்போம். இன்னைலேந்து தணிகைக்கு வெல்லம் டபுளா குடுக்கறேன்" என்றார். மனுஷன் கெட்டவர் இல்லை. தினமும் நாலு மணிக்கு டீ வரும்போது, தன் மடியிலிருந்து வெல்லப் பொட்டலத்தை எடுத்து ஆளுக்கொரு கட்டி அவர் கையாலேயே கொடுப்பார். கோயில் பிரசாதம் மாதிரி எல்லோரும் இரண்டு கையையும் நீட்டி வாங்குவார்கள். செல்லியம்மாவும் வாங்கி, முந்தானையில் முடிந்து, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எறிந்துவிடுவாள். மனுஷனுக்கு மனசு நோகக் கூடாதே என்று பதினாலு மாதம் அப்படித்தான் எறிந்தாள்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் மாஸ்க்கின் ரப்பரைக் காதில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"இன்னாக்கா சொல்லச் சொல்ற? ரெண்டு வாரம்தான. மாஸ்க் வேற கீது. நீ கீழ போ."

"மாமா இப்டித்தான்டா ஆரம்பிச்சாரு."

"மாமாவுக்கு மாஸ்க் இல்ல" என்றான் தணிகைவேல். பேச்சு முடிந்தது என்கிற மாதிரி மெஷினை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான்.

செல்லியம்மா கீழே போனாள். பெருக்கவும் பெருக்கினாள். சித்தாள் நளினி பக்கத்தில் செங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விஜயபுரத்துப் பெண், வாய்த் துடுக்கு அதிகம், வேலையிலும் அப்படியே. "இன்னாக்கா, மூஞ்சி இப்டிக் கீது?" என்று கேட்டாள். இவள் காது மேலேயே இருந்தது. ஐந்தாவது மாடியில் மெஷின் வீறிட்டது. அரை மணி நேரம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை, துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஏறினாள்.

ஏறிப் பார்த்தால் குளியலறைக்குள் ஆளே தெரியவில்லை. சன்னல் இல்லாத அறை. வெள்ளைப் புகை அடைத்துக்கொண்டு நிற்க, அதற்குள் எங்கேயோ பிளேடு கத்திக்கொண்டிருந்தது. செல்லியம்மா வாசலில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியது மட்டுமில்லை, அந்தப் பாக்ஸை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நடு வராந்தாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு கரண்ட புடுங்குனது?" என்று கத்திக்கொண்டே தணிகைவேல் வெளியே வந்தான். புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த அழுகையும் கோபமும் கொஞ்சநஞ்சமில்லை.

"நான்தான்டா புடுங்குனேன். குடுக்க முடியாது. இன்னா பண்ணுவ?"

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க. மானம் போவுது. குடு."

"போவட்டும். மூச்சு போறதுக்கு மானம் போனா தேவல."

சத்தம் கேட்டு ஆட்கள் கூடினார்கள். நளினியும் மற்ற மூன்று சித்தாள்களும் வந்தார்கள், பெயிண்டர்கள் வந்தார்கள், மேஸ்திரி மூச்சிரைக்க வந்தார். கடைசியாக ஜெயபிரகாஷ் வந்தான்.

"ஏமம்மா இது! நாடகமா? எழுந்திரு. மெஷின் ஷாக் அடிக்கும்னுதான் தண்ணி வேணாம்னேன், உங்க நல்லதுக்குத்தான்."

"காலைல சீலிங் ஈரம்னீங்க, இப்ப ஷாக்குன்றீங்க. எதனா ஒண்ண சொல்லுங்க சார்."

பெயிண்டர் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். ஜெயபிரகாஷுக்கு முகம் சிவந்துபோனது.

"மாஸ்க் குடுத்தனா இல்லையா? அப்றம் இன்னா?"

செல்லியம்மா உட்கார்ந்தபடியே கையை நீட்டித் தம்பியை அருகே இழுத்தாள். அவன் முகத்திலிருந்த மாஸ்க்கை உருவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள். மூக்குக்கு நேராகச் சாம்பல் நிறத்தில் இரண்டு கறை. ஓரத்தில் வெள்ளைத் தூள் படிந்து கிடந்தது.

"இது உள்பக்கம் சார். அரை மணி நேரம். இதுக்கு மேல எத்தினி உள்ள போச்சோ, எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும்."

"அதெல்லாம் வியர்வைம்மா" என்றான் அவன். "தூசி இப்ப எங்க கீது? அடங்கிடுச்சு பாரு." குளியலறைப் பக்கம் கையைக் காட்டினான். வெறுங்கண்ணுக்கு அறை தெளிவாகத்தான் இருந்தது.

"அடங்கிடுச்சா? உங்க போன்ல லைட்ட போட்டு உள்ள அடிங்க."

அவன் அடிக்கவில்லை. நளினி தன் போனில் டார்ச்சைப் போட்டு, கதவருகே போய் உள்ளே காட்டினாள். இருட்டு அறையில் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. அந்தக் கோடு முழுவதும் மாவு சலித்தது போல மினுமினுவென்று தூள் சுழன்றுகொண்டிருந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை, சும்மா நின்று சுழன்றது. தணிகைவேலும் பார்த்தான்.

"கண்ணுக்குத் தெரியற தூசிய எச்சியோட துப்பிடலாம் சார்" என்றாள் செல்லியம்மா. "இதத்தான் எங்கூட்டுக்காரரு பதினோரு வருஷம் துன்னாரு. உங்களுக்கு நம்பிக்க இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க. இந்த மாஸ்க்கையே போட்டுக்கினு ஒரு டீ குடிக்கிற நேரம் உள்ள போய் நில்லுங்க. மெஷினுகூட ஓட வேணாம். சும்மா நில்லுங்க. நின்னுட்டு வந்துட்டீங்கன்னா நான் பாக்ஸ குடுத்துட்டு இப்பவே ஊருக்குப் போறேன்."

ஜெயபிரகாஷ் வாசல் வரைக்கும் போனான். வீம்புதான். நளினியின் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நிலைப்படியில் நின்று உள்ளே பார்த்தான். அப்புறம் ஓரடி பின்னால் வைத்தான்.

அந்த ஓரடியை ஐந்தாவது மாடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"சரி. இப்ப சீலிங்க்கு இன்னா பண்றது?" என்றான், குரல் இறங்கிப் போய். "ஈரமானா என் வேல போவும். அத யோசிச்சியா நீ?"

"யோசிச்சேன். மேல மொட்டை மாடி சும்மாத்தான கீது? தண்ணித் தொட்டி அங்கயே கீது. காத்தும் அடிக்குது. அங்க வெச்சு அறுப்போம். சேறு மழத்தண்ணி பைப்புல போய்க்கினே இருக்கும். உங்க சீலிங்குல ஒரு சொட்டு விழாது."

"அளவு எடுக்க ஏறி எறங்கணும். கல்லத் தூக்கணும். லிஃப்ட் இன்னும் ஓடல. யாரு தூக்குவாங்க?"

"நாங்க தூக்கறோம்" என்றாள் நளினி, கேட்காமலேயே. "ஒரு மாடி தான? தலையில செங்கல்லு தூக்கற கழுத்து இது, கல்லத் தூக்காதா?"

மற்ற சித்தாள்களும் தலையசைத்தார்கள். ஜெயபிரகாஷ் போனை எடுத்து யாரிடமோ பேசினான்; பேசிவிட்டு வந்து, மொட்டை மாடியில் ட்ரிப்பர் ஸ்விட்ச் வைத்த போர்டு கொடுக்கிறேன், அதில்தான் மெஷினைச் சொருக வேண்டும், வேறெதிலும் கூடாது என்றான். சும்மா சொல்லக் கூடாது, அது நல்ல யோசனைதான். தண்ணீர் பட்டால் கரண்ட் தானாக நின்றுவிடும். செல்லியம்மா எழுந்து பாக்ஸைக் கொடுத்தாள். பதினோரு மணிக்கெல்லாம் மொட்டை மாடியில் வேலை தொடங்கிவிட்டது. திருமலை கண்ணுக்கு எதிரே நிற்க, வெயில் மண்டையைப் பிளந்தது. பிளக்கட்டும். மக்கிலிருந்து தண்ணீர் நூலாக விழுந்தது, தூள் பாலாக ஓடியது. தணிகைவேல் தலையைத் தூக்காமல் அறுத்துக்கொண்டே இருந்தான்.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கும். நாலு மணிக்கு டீ வந்தது.

முனிகிருஷ்ணன் வழக்கம்போல மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். காலையில் நடந்ததில் அவருக்கும் சங்கடம்; சமாதானம் பண்ணுகிற மாதிரி சிரித்துக்கொண்டே பெரிய கட்டியாக இரண்டை எடுத்து முதலில் தணிகைவேலிடம் நீட்டினார். "துன்னு நைனா. காலைல முழுங்குன தூசியெல்லாம் எறங்கிப் பூடும்." தணிகைவேல் இரண்டு கையையும் நீட்டினான்.

செல்லியம்மாவால் அடக்க முடியவில்லை. பதினாலு மாதம் முந்தானையில் முடிந்து எடுத்துப்போய் எறிந்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தொண்டைக்கு வந்துவிட்டது. எட்டி, தம்பியின் கையிலிருந்து வெல்லத்தை எடுத்து, மேஸ்திரியின் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டாள்.

"வேணாம் மேஸ்திரி. எறங்காது. இது வேற ரோடு, அது வேற ரோடு. பதினோரு வருஷம் நானே என் கையால குடுத்து ஏமாந்தவ. இனிமே யாருக்கும் குடுக்காதீங்க. வெல்லம் கீதுன்ற தைரியத்துலதான் அல்லாரும் காய்ஞ்ச கல்ல அறுக்குறாங்க. வெல்லத்துக்குப் போடற காசுல ஒரு தண்ணி பைப்பு வாங்கிப் போடுங்க."

முனிகிருஷ்ணனின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டால் சண்டை போடலாம், ஏசினால் திருப்பி ஏசலாம். ஆசையாகக் கொடுத்த இனிப்பை, இருபது பேர் பார்க்க, பொட்டலத்தில் திருப்பிப் போடுகிறவளை என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

"முப்பது வருஷமா குடுக்கறேன்" என்றார் மெதுவாக. "எங்கையில வாங்காதவங்க யாருமில்ல. நாளைலேந்து நீ வராத."

"மேஸ்திரி…" என்று தணிகைவேல் எழுந்தான்.

"நீ வா. உனக்கு வேல கீது. அவ வேணாம்."

அவ்வளவுதான். கெஞ்சியிருக்கலாம். வாங்கிக்கொள்கிறேன் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுஷன் இளகியிருப்பார், அப்படிப்பட்டவர்தான். செல்லியம்மா சொல்லவில்லை. மக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ரயிலில் தம்பி எதிர் சீட்டில் உட்கார்ந்தான். ரேணிகுண்டா தாண்டியதும், "ஒரு துண்டு வெல்லத்த வாங்கிக்கினு கம்முனு வந்திருக்கக் கூடாதா?" என்றான்.

"கூடாது."

"இப்ப யாரு எனக்குத் தண்ணி ஊத்துவா?"

"அதான்டா என் கவலையும்" என்றாள் செல்லியம்மா. அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் விடிகாலையில் எழுந்து, சோறு கட்டி, புடவை மாற்றிக்கொண்டு நின்றவளைத் துலுக்காணம் கட்டிலிலிருந்து பார்த்தான்.

"வேலதான்… பூட்ச்சே… எங்க போற?" ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு.

"தம்பி ஊத்தி அறுக்குறானா, ஊத்தாம அறுக்குறானான்னு பாக்கணும்."

அவன் கையால் போ, போ என்று காட்டினான். அதற்குமேல் செலவழிக்க அவனிடம் மூச்சு இல்லை.

தம்பி ஏறிய பெட்டிக்குப் பின் பெட்டியில் ஏறினாள். அவன் லாட்ஜுக்குள் போன பிறகு, கேட்டுக்கு எதிரே ரோட்டோரமாக நின்றாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, மேஸ்திரி சொல்லிவிட்டாராம். போகட்டும். பார்க்க முடியாவிட்டால் என்ன, காது இருக்கிறது. தண்ணீர் படாத பிளேடு வீறிடும், ஊசி குத்துகிற மாதிரி கூர்மையாக. தண்ணீர் பட்ட பிளேடு அப்படிக் கத்தாது. தொண்டை கட்டினவன் பாடுகிற மாதிரி கரகரவென்று அடங்கி ஓடும். பதினாலு மாதம் அதன் வாயருகே உட்கார்ந்திருந்தவளுக்கு இது தெரியாதா?

ஒன்பது மணிக்கு மெஷின் ஓடியது. வீறிட்டது.

காய்ந்த கல். அதுவும் மொட்டை மாடியில்கூட இல்லை, சத்தம் ஐந்தாவது மாடிக்குள்ளிருந்து வருகிறது. ஒரு நாள்கூட ஆகவில்லையே பாவி, ஒரு நாள்கூட! ஒரு கோடு முழுசாக அறுபட்டு நின்றது. அடுத்த கோடு. அதுவும் வீறிட்டு நின்றது. "தணிகை! டேய் தணிகை!" என்று ரோட்டில் நின்று ஐந்து மாடி உயரத்துக்குக் கத்தினாள். பஸ் போகிற இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கேட்டைப் பிடித்து உலுக்கினாள். "ஏம்மா, பைத்தியமா ஒனக்கு? நகரு" என்றான் வாட்ச்மேன்.

மூன்றாவது கோடு தொடங்கியது. பாதியில் நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மேலே யாரோ சத்தம் போடுவதும், யாரோ பதில் சத்தம் போடுவதும் கேட்டது. யார் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. செல்லியம்மா கேட்டை விட்டு விலகி, லாட்ஜின் பக்கச் சுவர் ஓரமாக வந்து நின்றாள்.

கால் மணி நேரம் கழித்து, உயரத்தில், திறந்த வெளியில் மெஷின் மறுபடி ஓடியது. கரகரவென்று ஓடியது. சுவரோடு ஒட்டி இறங்குகிற மழைத்தண்ணீர்ப் பைப்பில் குபுகுபுவென்று ஏதோ வந்தது. வந்து, பைப்பின் வாயிலிருந்து வெள்ளையாக, பால் மாதிரி, ரோட்டில் கொட்டியது. அவள் பாதம் இரண்டையும் நனைத்துக்கொண்டு ஓடியது.

"தள்ளி நில்லும்மா, பொடவ பாழாப் போவுது" என்றான் வாட்ச்மேன்.

"போவட்டும்" என்றாள் செல்லியம்மா. தள்ளி நிற்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் இல்லை.

போன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, கீழ கத்துனது நீதான?"

"கேட்டுச்சா?"

"லேசா கேட்டுச்சு. ஊத்த நீ இல்லன்னு மேஸ்திரி உள்ளயே காய்ஞ்சபடி அறுக்கச் சொன்னாரு. ரெண்டு கோடு ஓட்டிட்டேன்க்கா. சொல்றதுக்கே அசிங்கமா கீது. மூணாவதுல புகை மூஞ்சில அடிச்சதும் இருமல் வந்துச்சு. என் இருமல் மாமா இருமல் மாதிரியே கேட்டுச்சு. நிறுத்திட்டேன். மேஸ்திரி, சார், அல்லாரும் கத்துனாங்க. தண்ணி இல்லன்னா இதோ என் மெஷின எடுத்துக்கினு கெளம்பறேன், வேற ஆள வெச்சுக்கோங்கன்ட்டேன். இப்ப நளினி ஊத்துறா. கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்துறா, கோடு அழியுது."

"கைய ஒசத்திப் புடிக்கச் சொல்லு. ஒசத்துனா நூலா விழும்."

"சொல்றேன். அக்கா… மேஸ்திரி இன்னும் கோவமாத்தான் கீறாரு. உன்ன உள்ள விட மாட்டாரு. நீ வூட்டுக்குப் போ."

"போறேன், போறேன். நீ இன்னிக்கின்னு இல்ல, எவன் சொன்னாலும் காய்ஞ்ச கல்ல அறுக்கக் கூடாது. என் மேல சத்தியம்."

"சத்தியம்" என்றான் தணிகைவேல்.

போனை இடுப்பில் சொருகினாள். வேலை போனது போனதுதான். நாளைக்கு எங்கே போவது, யாரிடம் கேட்பது, ஒன்றும் தெரியாது. தூக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். நூறடி போயிருக்க மாட்டாள். ரோட்டின் அந்தப் பக்கம் புதிதாகக் கட்டுகிற கல்யாண மண்டபத்திலிருந்து ஒரு கட்டர் வீறிட்டது.

செல்லியம்மா நின்றாள். அங்கே இருக்கிறவன் யாரோ, எவனோ. எவளோ ஒருத்திக்குப் புருஷன், எவளோ ஒருத்திக்குத் தம்பி. இவளுக்கு என்ன வந்தது? ரயிலுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது.

ரோட்டைக் கடந்தாள். திறந்து கிடந்த கேட்டுக்குள் நுழைந்து, மணலையும் கம்பிக் கட்டையும் தாண்டி, வெள்ளைப் புகை வருகிற அறையின் வாசலில் போய் நின்றாள். உள்ளே முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஒருத்தன் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான். அவள் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கி, "யாரும்மா நீ? யாரு வோணும்?" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"அப்றம் சொல்றேன்" என்றாள் செல்லியம்மா. "மொதல்ல மெஷின நிறுத்து."